ஏழாவது கோப்பு

ஆறு கோப்புகள் வரவேண்டிய இடத்தில் ஏழு வந்தன.

கிருபாசங்கர் மானிட்டரை நெருங்கிப் பார்த்தான். கருமத்தம்பட்டிக்கு வெளியே இருந்த அந்த நூல் மில்லுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மத்தியான வெயில் கூரைத் தகரத்தைச் சடசடக்க வைத்தது. எண்ணெயும் பழம்பஞ்சும் கலந்த வாசனை தொண்டையில் ஒட்டியது. பஞ்சைச் சீவி மெல்லிய திரையாக்கும் கார்டிங் இயந்திரங்கள் வரிசையாக நின்றன; அவற்றில் மூன்றாவது மட்டும் பன்னிரண்டு நாளாக ஓடாமல், பஞ்சு இல்லாமல், இரும்பு வாயை மூடிக்கொண்டிருந்தது.

அதன் கட்டுப்பாட்டு போர்டுக்கு லினக்ஸ் போட்டது அவன்தான். பீளமேட்டில் அவன் வேலை பார்த்த சின்னக் கம்பெனிக்கு 1999இல் அதுதான் பெருமை. போர்டு விழிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு கோப்பு உருவாகும். கோப்பில் பெயரும் எண்ணும் இருக்கும். எண் தவறினால், பெயர் 'கதவு' என்றிருந்தாலும் போர்டு வேறொரு கம்பியைத்தான் பார்க்கும்.

அவன் எண்ணைத் தவறாக எழுதியிருந்தான்.

பன்னிரண்டு நாளுக்கு முன் கரண்ட் போனதும், மில் தொழிலாளி ராசம்மாள் இயந்திரத்தின் கதவைத் திறந்து உள்ளே ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கரண்ட் வந்ததும் போர்டு விழித்தது. கதவு மூடியிருப்பதாக எண்ணி மோட்டாரை ஓடவிட்டது. அவளை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது; அதற்குள் போய்விட்டாள்.

மறுநாளே பிழையைக் கண்டுபிடித்துவிட்டான். ஆனாலும் கதவு மூடியிருப்பதாகக் காட்ட அதன் சுவிட்சில் அவளே துணியைச் செருகி வைத்திருந்தாள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். இன்று சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டு, அந்த ஒரே எண்ணைத் திருட்டுத்தனமாக மாற்ற வந்திருக்கிறான்.

மாற்றியும் விட்டான். இந்த ஏழாவது கோப்பைத்தான் அவன் எழுதவில்லை. அதற்குப் பெயரே இல்லை.

அழித்தான். போர்டை அணைத்துப் போட்டான். மறுபடியும் ஏழு.

கோப்பைப் படித்தான். பூஜ்யம். பூஜ்யம். ஒன்று. ஏதோ ஒன்று மெல்ல அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துவதைப் போல.

சென்சார் கம்பிகள் அத்தனையையும் பிடுங்கினான். ஒன்று. பூஜ்யம். ஒன்று.

"ஏனுங்க சார்."

திடுக்கிட்டுத் திரும்பினான். ராசம்மாளின் தங்கை தெய்வாத்தாள், கையில் விளக்குமாறோடு நின்றிருந்தாள்.

"வேர்த்துக் கொட்டுதுங்களே. காப்பித்தண்ணி கொண்டாரட்டுங்களா?"

அந்த அன்பில் அவனுக்குக் காது மடல் வரை எரிந்தது. "வேண்டாங்க."

அவள் போகவில்லை. "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அக்கா சுவிட்சுல துணிய வெச்சுப்போட்டுத்தான் தொடச்சான்னு நீங்க எழுதிக் குடுத்தீங்களாமா. அவ அப்படிச் செய்யறவ இல்லீங்க. நெசந்தானுங்களா?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. சொல்லிவிடலாம். இப்போதே.

"ஆமாங்க," என்றான், தரையைப் பார்த்து.

"சரிங்க," என்றாள் அவள். அவ்வளவுதான்.

மானிட்டரில் ஒன்று. ஒன்று. ஒன்று. நிற்கவே இல்லை.

இயந்திரம் உறுமியது.

மோட்டாரின் மெயின் சுவிட்ச் அணைந்தே இருந்தது. அவனே அணைத்தது. பெல்ட் நகர்ந்தது. உருளை சுற்றியது. ஈரத்துணி வாடை.

பஞ்சே போடாத இயந்திரத்தின் முன்பக்கம் வெள்ளையாக ஒரு பஞ்சுத் திரை வழிந்து வந்தது. மெல்லியது. புடவை அகலம். அதன் நடுவில் ஒரு பள்ளம்.

உள்ளங்கை. ஐந்து விரல்கள்.

தெய்வாத்தாளின் கையிலிருந்து விளக்குமாறு விழுந்தது. குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டாள்.

"சுண்டுவிரல் கோணலா இருக்குது பாருங்க," என்றாள், மிக மெல்ல. "எங்கக்கா கைங்க, இது."

அவன் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை.

பஞ்சுத் திரை தரையில் மடிந்து மடிந்து விழுந்தது. அடுத்த கை வந்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் நான்கு விரல்கள் மடங்கிக்கொண்டே வந்தன. மடங்காத ஒற்றை விரல் அவன் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.