மூன்றாம் பொட்டலம்

சமையலறையில் யாரோ மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. சாருலதா எட்டிப் பார்த்தாள். ஒருவருமில்லை. அந்த மாட்டுங்கா வீட்டில் அவளும் கணவன் ஜெயராமும் மட்டும்தான். அவனுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் ஆகாரம். எதிர்வீட்டு அபயாம்பாள் மாமி தினமும் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டிக் கொண்டுவந்து தருவாள். அந்தப் புண்ணியத்தில்தான் அவன் எழுந்து உட்கார்கிறான்.

ஆபரேஷனை எந்த முறையில் செய்வது என்று மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். விலாவில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டு, கையாலேயே செய்துவிடலாம், பழகின வழி என்றார் ஒரு சர்ஜன். அதே துளைகள்தான், ஆனால் ரோபோவின் கை நடுங்காது, குரல் நரம்பை ஒட்டிய நெறிக்கட்டிகளையும் பதமாக எடுக்கலாம், நேரம்தான் கூடும் என்றார் இன்னொருவர். எது மேல் என்று கேட்டால் இருவரும் கையை விரித்தார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதான்னா, நம்மள எதுக்கு செலக்ட் பண்ணச் சொல்றா?" என்றாள் எரிச்சலுடன்.

"பூக்கட்டிப் பாத்துடு, சாரு," என்றான் ஜெயராம் கம்மிய குரலில். "டாக்டரைவிடப் பெருமாளுக்கு டைம் இருக்கு."

வரன் பார்ப்பதிலிருந்து வீடு வாங்குவதுவரை அவர்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம். கேமராவுக்கு வெள்ளைப் பூ, ரோபோவுக்குச் சிவப்பு. இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, தட்டில் குலுக்கி, சாமி அலமாரி முன் வைத்தாள். ஒன்றை எடுக்க ஜெயராம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வாரக்கணக்கான அலைச்சலில் பொறுமை போயிருந்தது. எந்த வழி என்று கேட்க வேண்டியவள், "எந்த வழியோ, இவர் விழுங்கினாப் போறும்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

மறுபடியும் அந்தச் சத்தம். இப்போது மிக அருகில். அலமாரிக்குள்ளிருந்து ஈரமான, புளித்த வாடை.

அப்போதுதான் கவனித்தாள். விளக்கே ஏற்றவில்லை. உள்ளே ஒரே இருட்டு.

யாரிடம் கேட்டோம்?

தட்டைப் பார்த்தாள். மூன்று பொட்டலங்கள்.

மூன்றாவதன் காகிதம் நனைந்திருந்தது. மெல்ல ஏறி இறங்கியது.

"வேண்டாம்னா. தொடாதீங்கோ."

அவன் எடுத்துவிட்டான். பிரித்துவிட்டான். மறுகையால் அலமாரி முன்னிருந்த தண்ணீர்ச் சொம்பைத் தூக்கி அண்ணாந்தான்.

மடக். மடக்.

"இறங்கறது, சாரு."

அவன் முகமெல்லாம் சிரிப்பு. தொண்டை அசையவேயில்லை. விரித்த உள்ளங்கையில், ஈரக் காகிதத்தின் நடுவே, சிவந்த சதைவளையம் ஒன்று தொண்டைபோலச் சுருங்கி, விரிந்து, விழுங்கிக்கொண்டிருந்தது.