பதினெட்டு மாதப் பீப்பாய்

சனிக்கிழமை, காலை 11.07.

ஞானதுரை அண்ணாச்சி வாயிலிருந்ததை ஜன்னல் வழியே தோட்டத்தில் துப்பினார். கண்ணாடிக் கோப்பையை ஒரு முழம் தள்ளிவைத்தார்.

“என்னம்மா ஷாரோன் இது? காடி! ஊறுகாய் போடத்தான் ஆகும்.”

குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் ஒரு வாடகை பங்களா. வெளியே சாரல். மேசையைச் சுற்றி நான்கு பேர். அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் கடையம். பெங்களூருவில் பீர் காய்ச்சும் நிறுவனம் நடத்துகிறார். பக்கத்தில் பாண்டியராஜ், அந்தச் சரக்கைப் பெரிய ஓட்டல்களுக்கு வாங்கிக் கொடுப்பவர், நாக்கை வைத்தே பிழைக்கிற மனிதர். எதிரே பெஞ்சமினும் ஷாரோனும். இரண்டு பேரும் அங்கே பீர் காய்ச்சுபவர்கள். யாருடைய பீர் சிறந்ததோ அவருக்கே தலைமைப் பொறுப்பு என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். சீசனுக்கு ஊருக்கு வந்த இடத்தில், அனுமதிச் சீட்டோடு பாட்டில்களையும் கொண்டுவந்து சுவைத்துப் பார்க்க ஏற்பாடு. பெஞ்சமினுடையதை முந்தின நாள் சாயங்காலமே குடித்தாகிவிட்டது. ‘குறை சொல்ல முடியாது’ என்றார் அண்ணாச்சி. அவர் வாயில் அது பாராட்டில் சேர்த்தி இல்லை.

சமையற்கட்டு வாசலில் நின்ற பெர்சிஸுக்கு, காடி என்ற சொல்லைக் கேட்டதும் வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே குளிர்ந்தது.

அவள் பெஞ்சமினின் மனைவி. தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. யார் மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து தின்றுவிட்டு வந்திருக்கிறார் என்பதை, ஊசி போடும் முன்பே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளால் சொந்தப் புருஷன் முகத்தைத்தான் படிக்க முடியவில்லை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவான். வாயைத் திறந்தால் ஷாரோன். ஷாரோன் புளியங்குடி எலுமிச்சைத் தோல் போட்டாள். ஷாரோன் குற்றாலத்துக் கிராம்பும் ஜாதிபத்திரியும் போட்டாள். கருப்பட்டி இனிப்பு அடியில் தங்குகிற மாதிரி, ஓக் மரப் பீப்பாயில் பதினெட்டு மாதம் ஊறப் போட்டாள். படுத்தால் புரண்டுகொண்டே இருப்பான். என்னவென்று கேட்டால், ‘ஷாரோனோட பீப்பாய் எப்படி வருதோ’ என்பான். எந்தப் பெண்சாதிக்குத்தான் பற்றி எரியாது?

இந்த ஷாரோனுக்கு முப்பது வயதுகூட இல்லை. புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரர் மகள். காலையில் அருவியில் குளித்துவிட்டு வந்து, ஈரத்தலையோடு பெஞ்சமின் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்ததைப் பெர்சிஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது சிரிப்பில்லை. ஷாரோன் தன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

“காடிதான் அண்ணாச்சி,” என்றாள்.

பாண்டியராஜும் உதட்டைப் பிதுக்கினார். “வெறும் புளிப்பு. அதுக்குக் கீழ கசப்பு. வேற ஒண்ணுமில்ல.”

“எனக்கும் அப்படித்தான்,” என்றான் பெஞ்சமின், மெதுவாக.

ஷாரோன் இரண்டாவது பாட்டிலை எடுத்தாள். மூடிமேல் ஊற்றிய சிவப்பு மெழுகு ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. எல்லோர் கண்முன்னும் உடைத்தாள், ஊற்றினாள், குடித்தார்கள். அதே காடி.

சட்டென்று ஷாரோன் சமையற்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, கிளாஸையெல்லாம் எதுல கழுவுனீங்க?”

பெர்சிஸுக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. “சாணியிலயா கழுவுவேன்? ஏன் கேக்க?”

“சும்மாதான் கேட்டேன்.”

“சும்மா ஒண்ணும் கேக்கல. நான் பிளட் டெஸ்ட் எடுக்கவ. குழாய் கழுவத் தெரிஞ்சவளுக்கு கிளாஸ் கழுவத் தெரியாதா?”

அண்ணாச்சி கையைக் காட்டி அடக்கினார். பாண்டியராஜ் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “சோப்போ எண்ணெயோ இருந்தா நுரை உடனே செத்துரும். இதுல விரற்கடை நுரை நின்னுச்சு. கிளாஸ் சுத்தம்.”

“மூடியும் சுத்தம், கிளாஸும் சுத்தம்,” என்றான் பெஞ்சமின். “அப்போ பீப்பாயே கெட்டுப்போச்சு போல, அண்ணாச்சி.”

11.25. அண்ணாச்சி பெங்களூருவுக்குப் போன் போட்டார். “ஷாரோனோட பீப்பாயை ஒரு மணிக்குக் கவுத்திருங்க. கெட்டது மத்ததையும் கெடுத்துரும்.” போனை வைத்துவிட்டு ஷாரோனைப் பார்த்தார். “உன் விஷயத்தை பெங்களூருக்குப் போய்ப் பேசிக்கிடுவோம்.”

அது வேலையை விட்டு அனுப்புகிற பேச்சு என்று எல்லோருக்கும் தெரியும். ஷாரோன் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

அப்போது பார்த்து, சமையல்காரி வள்ளித்தாய் அல்வாவும் மிச்சருமாகத் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். காலையிலேயே மழையில் போய் வாங்கிவந்தது. விருந்தாளி வந்த வீட்டில் யார் தலை உருண்டாலும் அல்வா வந்தாக வேண்டும்.

“எந்தக் கடையில வாங்குன? சீனியே போடல போலிருக்கே!” என்று அண்ணாச்சி எரிந்து விழுந்தார். வயிற்றெரிச்சலில் அவருக்கு எல்லாமே குற்றம். பீரைத் திறப்பதற்குச் சற்று முன் பெர்சிஸ் போட்ட சுக்குத்தண்ணீரை முக்கால் டம்ளர் குடித்துவிட்டு, ‘என்ன தாயி, கருப்பட்டி போடலியா’ என்று கேட்டவர்தானே! பாண்டியராஜ் ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, விரலில் ஒட்டிய நெய்யைத் துடைத்துக்கொண்டு தட்டை ஒதுக்கினார். பெஞ்சமின் பாதி தின்றான். “திகட்டுது, போதும்” என்று மிச்சருக்குத் தாவினான்.

11.50. பெர்சிஸ் கோப்பைகளை அள்ளிக்கொண்டு சமையற்கட்டுக்கு வந்தாள். இரண்டாவது பாட்டிலில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். ஆயுசில் இதைத் தொட்டதில்லை. ஆனால் ஷாரோனின் தோல்வி என்ன ருசியாக இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு ஒரு வாய் குடித்தாள்.

ஐயோ!

புளிப்பு இருந்தது, நாக்கின் இரு ஓரத்தையும் சுண்டிவிடுகிற புளிப்பு. அதன் பின்னாலேயே கருப்பட்டி வந்தது. கிராம்பு லேசாகச் சுட்டுவிட்டு விலகியது. கடைசியில் எலுமிச்சைத் தோல் மணமும் ஈர மரத்தின் மணமும் தொண்டையில் நின்றன. இன்னொரு வாய் குடித்தாள். இதைப் போய் எப்படிக் காடி என்கிறார்கள்? பீர் தெரியாத அவளுக்கே, இது தன் புருஷன் கையில் வராத சங்கதி என்று புரிந்தது. அழுகை வருகிற அளவுக்கு ஆத்திரமாக இருந்தது. பாவி, எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாள்!

ஆத்திரம் அடங்கியதும் மூளை வேலை செய்தது. மெழுகு உடையவில்லை. கோப்பை சுத்தம். பீரும் அருமை. அப்படியானால் கெட்டது எது?

நாக்கு.

அவர்கள் நான்கு பேரும் தொட்டு, இவள் தொடாதது ஒன்றே ஒன்று, சுக்குத்தண்ணீர். வயிற்றுப் புண் இருப்பதால் மிளகு சேர்த்த எதையும் பெர்சிஸ் குடிப்பதில்லை. இரண்டு உருண்டை கருப்பட்டி போட்டவள் அவள். அதைப் போய் அண்ணாச்சி இனிக்கவில்லை என்றார். அல்வாவும் இனிக்கவில்லை என்றார்.

பாத்திரத்தின் அடியில் கிடந்த சக்கையைக் கொட்டிக் கிளறினாள். சுக்கு, மிளகு, மல்லி, துளசி. துளசிக்கு நடுவே, அவள் போடாத இலைகள் ஒரு கைப்பிடி தேறும். ஒன்றை எடுத்து நன்றாக மென்று துப்பினாள். பிறகு சீனி டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை வாயில் போட்டாள். மணல்.

சிறுகுறிஞ்சான். சர்க்கரை நோய்க்காரர்கள் மென்றுவிட்டு வந்து, ‘காப்பி மண்ணாட்டம் இருக்கும்மா’ என்று அவளிடம் வாரத்துக்கு இரண்டு பேராவது சொல்கிறார்கள். குற்றாலத்து மூலிகைக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஒரு மணி நேரத்துக்கு நாக்கில் இனிப்பு ஏறாது. இனிப்பைப் பிடுங்கிவிட்டால் ஷாரோனின் பீரில் புளிப்பும் கசப்பும்தானே மிஞ்சும்?

மணி 12.10. யார் போட்டது என்பது அப்புறம். வாயை மூடிக்கொண்டு இன்னும் ஐம்பது நிமிடம் பாத்திரம் தேய்த்தால் போதும், பீப்பாய் சாக்கடைக்குப் போய்விடும். ஷாரோன் புளியங்குடிக்குப் போய்விடுவாள். பெஞ்சமின் தலைமைப் பொறுப்பில் உட்காருவான். பெர்சிஸ் பாத்திரம் தேய்த்தாள். கால் மணி நேரம், ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தாள்.

ஷாரோன் தோற்க வேண்டும்தான். ஆனால் அவளை அழுதுகொண்டே அனுப்பிவைத்தால், இந்த மனுஷன் ஆயுசுக்கும் அவளை நினைத்து உருகிக்கொண்டே கிடப்பானே! அதோடு, அந்தப் பீரைக் குடித்த வாயால் அதைக் கொட்ட விடவும் மனசு வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

12.30.

“அண்ணாச்சி, எனக்காக இன்னும் ஒரே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க.”

“அதே பாட்டிலா? வேண்டாம் தாயி.”

“பிடிக்கலன்னா என் மூஞ்சியில துப்புங்க.”

அண்ணாச்சி குடித்தார். கோப்பையைக் கீழே வைக்கவில்லை. முழுக்கக் குடித்தார். பாண்டியராஜ் பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஊற்றிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணாச்சியின் கை தானாகப் போனுக்குப் போயிற்று. “ஏலே, பீப்பாயைத் தொடாதிய! ஒரு சொட்டு சிந்துச்சு, தொலைச்சுப்புடுவேன்!”

வராந்தாவிலிருந்து ஓடிவந்த ஷாரோன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். பெர்சிஸ் இலையைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்லவே எல்லோர் கண்ணும் தன்மேல் திரும்புவதைப் பார்த்தாள்.

“சுக்குத்தண்ணி வச்சது யாரு?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“நான்தான்.”

“வேற யாரும் அடுப்படிக்கு வந்தாவளா?”

“வள்ளித்தாய் அல்வா வாங்கப் போயிருந்தா. நான் ஈரத்துணியை உலர்த்தப் போனேன். திரும்பி வரதுக்குள்ள அத்தான் தட்டுல வச்சு உங்களுக்குக் கொண்டுவந்துட்டாவ.”

பெஞ்சமின் எழுந்தான். நெற்றியில் கையை வைத்துக்கொண்டான்.

“ஏட்டி பெர்சிஸ், நீயாட்டி செஞ்சே? அவ மேல உனக்கு இருக்க பொறாமைக்கு ஒரு அளவில்லையா?”

பெர்சிஸ் அவனையே பார்த்தாள். ரத்தம் எடுக்க வந்தவன் முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்த முகம் அவளுக்கு வாசிக்கக் கிடைத்தது.

“அத்தான், நீங்க சுக்குத்தண்ணி குடிச்சியளா?”

“எல்லாரும்தான் குடிச்சோம்.”

“எவ்வளவு?”

“ஒரு டம்ளர் முழுசா. எதுக்குக் கேக்க?”

“பீர் உங்களுக்கும் காடியாத்தான் இருந்துச்சா?”

“எத்தனை தடவை சொல்லுதது? ஆமா.”

“அப்போ அல்வா மட்டும் ஏன் திகட்டுச்சு?”

பெஞ்சமின் நெற்றியிலிருந்த கையை இறக்கினான்.

“அண்ணாச்சிக்குச் சீனியே போடாத மாதிரி இருந்துச்சு. பாண்டியராஜ் அண்ணாச்சி ஒரு துண்டோட தட்டை ஒதுக்கிட்டாவ. நீங்க பாதி தின்னுட்டு திகட்டுதுன்னு மிச்சருக்குப் போனிய. சுக்குத்தண்ணி குடிச்ச நாக்குக்கு அல்வா திகட்டாது அத்தான். நீங்க உங்க டம்ளரைக் கீழ ஊத்திட்டிய. பீர் நல்லா இருக்குன்னு தெரிஞ்சே காடின்னு சொன்னிய.”

பீருக்குப் பொய் சொல்லத் தயாராக வந்தவன், அல்வாவுக்குப் பொய் சொல்ல வேண்டும் என்று யோசிக்கவில்லை. அந்த ஊர்க்காரனுக்கு, அல்வா திகட்டினால் மிச்சருக்குத் தாவுவது கையும் வாயும் தாமாகச் செய்கிற காரியம்.

பெஞ்சமின் நாற்காலியில் சரிந்தான். “ஒண்ணரை வருஷம் அந்தப் பீப்பாயை என் கையால தடவியிருக்கேன் அண்ணாச்சி. இவ மாசாமாசம் ருசி பார்ப்பா, எனக்கும் குடுப்பா. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட நல்லா வரும். பன்னெண்டு வருஷமா காய்ச்சுதேன், எனக்கு ஒரு தடவைகூட அப்படி வந்ததில்ல. படுத்தா தூக்கம் வராது.”

பெர்சிஸுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். அவன் புரண்டு புரண்டு படுத்தது இந்தப் பெண்ணுக்காக இல்லை! இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போயிற்று.

ஷாரோன் அவள் பக்கத்தில் வந்தாள். “மன்னிச்சிருங்கக்கா. கிளாஸைப் பத்தி நான் கேட்டிருக்கக் கூடாது. பெஞ்சமின் அண்ணன்தான் நேத்தே சொன்னாங்க, ‘பெர்சிஸுக்கு உன்னைக் கண்டா ஆகாது, சாப்பாட்டுல தண்ணியில பார்த்து இருந்துக்கோ’ன்னு.”

“நேத்தா?”

“ஆமாக்கா. வந்து இறங்குனவுடனே.”

வந்த சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது. நேற்றே சொல்லியிருக்கிறான். இலையை வாங்கும்போதே, மாட்டிக்கொண்டால் யார் தலையில் போடுவது என்பதையும் தீர்மானித்துத்தான் வாங்கியிருக்கிறான்.

1.15. அண்ணாச்சி பெஞ்சமினை இனிப் பெங்களூருப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி முடித்தார். பெர்சிஸ் தன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பெஞ்சமின் பின்னாலேயே ஓடிவந்தான்.

“பெர்சிஸ், சத்தியமா எனக்கும் அவளுக்கும் ஒண்ணும் கெடையாது. இனியாவது நம்பு.”

“நம்புதேன். ஏதாவது இருந்திருந்தா அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், ஒருநா மன்னிச்சும் இருப்பேன்,” என்றாள் பெர்சிஸ். “நான் உங்களை நெனச்சுத்தான் வெந்துக்கிட்டு இருந்தேன். அதை நீங்க தெரிஞ்சுக்கிட்டே, அதையே எனக்கு எதிரா சாட்சியா வச்சிட்டிய.”

தென்காசி பஸ் வந்து நின்றது. அவள் குடையை மடக்கிவிட்டு ஏறினாள். ஒரே ஒரு டிக்கெட் கேட்டாள்.