கட்டிப்போட்ட மிதவை

ஓடவே முடியாத பம்ப் ஓடுகிறது என்று எழிலன் போனில் சொன்னபோது, போட் மெக்கானிக் தேவப்பிரியம் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"இன்னா சொல்றே? எந்த பம்ப்பு?"

"அதான்ணா, போட்டு அடியில சேர்ற தண்ணிய வெளிய தள்ளுமே, அந்த பம்ப்பு. நேத்து மத்தியானம் ஓடிச்சு, இன்னிக்குக் காலையிலயும் ஓடிச்சு. தரையில நிக்கிற போட்டுல அது இன்னாத்துக்கு ஓடுது? அஞ்சு மணிக்கு போட்ட சோதிக்கிற சர்வேயர் வந்து அடிப்பலகை மொத்தம் பிரிச்சுப் பாக்கப் போறாரு. அதுக்குள்ள நீ ஒரு தபா பாத்துடுண்ணா."

மாத்தூரில் ஏ.சி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் எழிலன், ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்டாட்டி பிள்ளைகளோடு எண்ணூர் முகத்துவாரத்தில் சுற்றிவர ஆசைப்பட்டுப் போன மாதம்தான் அந்தப் பழைய ஃபைபர் போட்டை வாங்கியிருந்தான். அது ரஷீது பாயின் போட் என்பதும், பாய் செத்தது அதற்குள்தான் என்பதும் அவனுக்குத் தெரியும். அந்தப் பம்ப் ஏன் ஓடாது என்பது மட்டும் உலகத்தில் ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

பழைய போட் என்றால் அடியில் தண்ணீர் கசியத்தான் செய்யும். தண்ணீர் ஏறினால் பம்ப்போடு இணைத்த மிதவை எழும்பும், மிதவை எழும்பினால் சுவிட்ச் விழும், பம்ப் ஓடும். இவ்வளவுதான் சங்கதி. கரையில் கிடக்கும்போது பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று காசிமேட்டில் பலர் அந்த மிதவையை ஒரு துண்டுக் கம்பியால் அமுக்கிக் கட்டிவைப்பார்கள். தண்ணீரில் இறங்கும்முன் அவிழ்த்துவிடுவார்கள். தேவப்பிரியம் கட்டினான். அவிழ்க்கவில்லை.

பின்னே என்ன? பாய் அவனைச் செருப்பால் அடித்தார். காணாமல் போன பேட்டரியை இவன்தான் சுட்டுவிட்டான் என்று, கல்மண்டபம் டீக்கடை வாசலில், ஊர் பார்க்க அடித்தார். இரண்டு நாள் கழித்துப் பேட்டரி அவருடைய மச்சான் வீட்டிலேயே கிடைத்தது. "சரி வுட்ரா, மனசுல வெச்சுக்காதே" என்று தோளில் தட்டி, மறுபடி வேலைக்கும் கூப்பிட்டார். மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பதாம்? கட்டின பெண்டாட்டி கரோலின் பால் பாக்கெட்டும் கையுமாக நின்று அதைப் பார்த்தாளே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? நடுத்தண்ணீரில் போட் அமிழட்டும், போட்டில் ஏற்றிப்போகும் விருந்தாளிகள் முன்னால் பாய் பேய்முழி முழிக்கட்டும், நாலு பேர் சிரிக்கட்டும் என்றுதான் அவன் நினைத்தான். பாயோ அன்றைக்குத் தனியாகப் போனார். தண்ணீர் ஏறுவதைப் பார்த்து, பம்ப்புக்கு என்ன கேடு என்று அடியில் இறங்கினார். மேலே மூடி விழுந்து தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது. மறுநாள் பாதி அமிழ்ந்த போட்டை, உள்ளே பாயின் பிணத்தோடு, வலைக்காரர்கள் இழுத்துவந்தார்கள். போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டது, பதினோரு மாதமாக போட்டை யாரும் தொடவில்லை.

கம்பி இன்னும் உள்ளேதான் இருந்தது. மூன்று முறுக்கு முறுக்கி நுனியை உள்ளே மடக்குவது தேவப்பிரியத்தின் கை. இந்தக் கரையில் எவனைக் கேட்டாலும் அது யார் போட்ட முடிச்சென்று சொல்லிவிடுவான். ஐந்து மணிக்குள் அதை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஜெயில்தான்.

அவன் முகத்துவாரக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. காவலுக்கு இருக்கும் நோயல் சாப்பிடப் போயிருந்தான். வானம் மூடிக்கிடந்தது, காற்றே இல்லை, முகத்துவாரத்திலிருந்து சாம்பலும் அழுகிய மீனும் கலந்த நாற்றம் மெல்ல மெல்ல ஏறிவந்து சட்டையில் ஒட்டியது. தண்ணீருக்கும் போட்டுக்கும் நடுவே ஐம்பதடி காய்ந்த மண் இருந்தது. மரக்கட்டைகளின் மேல் வயிறு தெரிய நின்ற போட்டில் அவன் ஏறி, முதலில் பேட்டரிப் பெட்டியைத் திறந்தான். காலி. வயர்கள் நுனியில் பச்சை பூத்து அநாதையாகக் கிடந்தன.

காலடியில் பம்ப் ஓட ஆரம்பித்தது.

பழைய மிக்ஸியின் உறுமல், அவ்வளவு சின்னச் சத்தம்தான், ஆனால் அது உள்ளங்கால் வழியாக முழங்கால் வரைக்கும் ஏறியது. பக்கவாட்டு ஓட்டையிலிருந்து தண்ணீர் கக்கிக் கக்கி மண்ணில் விழுந்தது. அவன் எட்டிக் கையை நீட்டி ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தான். ஒழுகல் என்றால் கரைக்காரன் முதலில் செய்வது அதுதான்: சப்பென்றிருந்தால் மழைத் தண்ணீர், கரித்தால் கடல். கரித்தது. நாக்கு மரத்துப்போகிற அளவுக்கு ஜில்லென்றும் இருந்தது.

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஓடினால் கம்பி?

மூடியை அவன் நம்பவில்லை. கீல் திருகுகளைக் கழற்றி, அந்த மூடிப் பலகையைத் தூக்கி வெளியே எறிந்தான். அது மண்ணில் விழுந்த சத்தம் நன்றாகவே கேட்டது. பிறகு செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு, குறடு ஒரு கையில், வயிற்றால் ஊர்ந்து அந்தச் சந்துக்குள் நுழைந்தான். டீசல் நாற்றம், பூசணம், அதற்கும் அடியில் கிராம்பு வாசனை. பாய் எந்நேரமும் பல்லிடுக்கில் ஒரு கிராம்பு வைத்திருப்பார். இருக்கட்டும். நாற்றத்துக்கெல்லாம் பயந்தால் பிழைப்பு நடக்குமா?

அவன் பக்கத்தில் போனதும் பம்ப் நின்றது.

கம்பி இருந்தது. மூன்று முறுக்கு. ஒரே நறுக்கு. எடுத்துச் சட்டைப்பைக்குள் திணித்து, போனைப் பல்லிலிருந்து கைக்கு மாற்றியபோது பதினோரு மாதத்துப் பாரமும் இறங்கியது, கூடவே பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"செருப்பால அட்ச்சியே பாய்! நல்லா வேணும் உனக்கு. எவன் வந்து இன்னாத்தப் புடுங்குறான் பாக்கலாம்!"

முழங்கை நனைந்தது.

வெளிச்சத்தைத் திருப்பினான். தண்ணீர். கறுப்பாக, சத்தமில்லாமல், எங்கிருந்து என்றே தெரியாமல் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் நகர்ந்தான். கால் எதிலோ முட்டியது. உதைத்தான். பலகை. தூக்கி எறிந்த அதே பலகை, வந்த வழியை மூடிக்கொண்டு. மறுபடி உதைத்தான். அசையவில்லை. தாழ்ப்பாள் நாக்கு மட்டும் கடகடவென்று ஆடியது.

"நோயலு! டேய் நோயலு!"

மார்பு வரைக்கும் தண்ணீர். போன் நழுவி விழுந்து அடியில் எரிந்தது. பதறாதே. கம்பி போய்விட்டது. மிதவை எழும்பும். பம்ப் ஓடும். பேட்டரி இல்லாமல் ஓடியதுதானே, இப்போதும் ஓடும்.

கழுத்து வரைக்கும்.

மிதவை எழும்பவில்லை.

கையை விட்டுத் துழாவினான். மிதவையின் மேல் கம்பி இல்லை. விரல்கள் இருந்தன. நாலு விரல். குளிர்ந்து, ஊறி, அழுத்தமாக. ஒன்றைப் பிரித்தான். திரும்பவும் வந்து படிந்தது.

"பாய்... கம்பிய எட்த்துட்டேன் பாய்! தெரியாமப் பண்ட்டேன். எனக்கும் புள்ளைங்க கீது பாய்!"

தண்ணீர் உதட்டைத் தொட்டது.

விரல்கள் விலகின.

மிதவை எழும்பியது. பம்ப் ஓடியது. தண்ணீர் மோவாயை விட்டு இறங்கியது, மார்பை விட்டு இறங்கியது, அடியில் ஒரு சாண் மட்டும் மிச்சம் நின்றது. தேவப்பிரியம் அழுதான், சிரித்தான், மாதாவே என்றான்.

அப்போது அந்த நாலு விரலும் அவன் பின்கழுத்தில் வந்து படிந்து, அவசரமே இல்லாமல், அவன் முகத்தை அந்த ஒரு சாண் தண்ணீருக்குள் அமுக்கின.