இருபத்து நாலாவது சீட்

அந்த இடத்தில் அலறல் சத்தம் சகஜம்.

டிக்கெட் வாங்கி, கால் கடுக்க வரிசையில் நின்று, ஆசை ஆசையாய் அலறுவார்கள்!

ஆனால்...

காலை ஏழரை மணிக்கு, இன்னும் கேட்டே திறக்காத தீம் பார்க்கில் கேட்ட அலறல் அந்த ரகமில்லை.

ஆபரேட்டர் அக்கா டீ டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள். பதினோரு வருஷமாய் 'பாம்பு' ரைடின் பட்டன் அவள் கையில்தான். பாம்பு என்பது ரோலர் கோஸ்டருக்கு ஊழியர்கள் வைத்த பெயர். ஆறு மாடி உயரம் ஏறி, வயிற்றைப் புரட்டிக்கொண்டு இறங்கும்.

அதன் தூணடியில் பெருக்குகிற அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கீழே... திருகாணி!

பார்க்கின் பாதுகாப்பு அதிகாரிக்கு அதுதான் பட்டப்பெயர். தினமும் ஆறு மணிக்கே வந்து ஒவ்வொரு திருகாணியையும் தொட்டுப் பார்க்கிற மனுஷன். 'இந்த ஆளோட ஒரே ரோதனை' என்று முணுமுணுக்கிற ஊழியர்கள்கூட, தங்கள் பிள்ளைகளை அவர் பார்த்த ரைடில்தான் ஏற்றுவார்கள்.

இப்போது அவர் கண்கள் திறந்திருந்தன. உயிர் இல்லை.

அரை மணி நேரத்தில் லேடி இன்ஸ்பெக்டர் வந்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். மானேஜரைப் பார்த்தார்.

மானேஜர் பார்த்துக்கொண்டிருந்தது வாட்ச்சை.

"மேடம், பத்து மணிக்கு பிரஸ் வருது..."

"ஒருத்தர் செத்துக் கிடக்கறார். உங்களுக்கு பிரஸ் முக்கியமா?"

"போன மாசம் எங்கேயோ ஒரு பார்க்குல ஆக்சிடென்ட் மேடம். அதுலேர்ந்து குடும்பத்தோட வர்றவங்க கூட்டமே இல்ல. எங்க ரைடு சேஃப்னு காட்டத்தான் இன்னிக்கு ஊழியர் குடும்ப தினமே வெச்சிருக்கோம். முதல் ட்ரிப்ல எங்க ஸ்டாஃப் பிள்ளைங்கதான் ஏறப் போறாங்க. இவர் கால் வழுக்கி விழுந்தா, ரைடு என்ன பண்ணும்?"

"வழுக்கினாரா... வழுக்க வெச்சாங்களா?"

மானேஜருக்கு முகம் வெளிறியது.

"போன் நொறுங்கிப் போச்சு, சரி. ஆனா இடுப்பு பெல்ட்டோட கொக்கி எங்கயும் மாட்டல. எழுதற பேட் இருக்கு, அதுல இருந்த பேப்பரைக் காணோம். ரெண்டும் எனக்குப் பிடிக்கல."

"கொக்கி மாட்டாம முதல் படியிலகூட கால் வைக்க மாட்டாரு மேடம்," என்றாள் ஆபரேட்டர் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இன்னிக்கு ரைடை செக் பண்ணது யாரு?"

"நான்தாங்க..."

மெக்கானிக் முன்னால் வந்தான். ஆபரேட்டர் அக்காவின் கூடப் பிறந்த அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்க வைத்து, இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தவன். அவனென்றால் அவளுக்கு உயிர்.

"அஞ்சரைக்கே மேல ஏறிப் பார்த்துட்டேன் மேடம். பக்கா! ஷீட்டுல கையெழுத்தும் போட்டாச்சு. நான் இறங்கிப் போனப்புறம்தான் அவரு ஏறியிருக்கணும்."

அவன் கண்கள் கலங்கியிருந்தன.

இன்ஸ்பெக்டர் மறுபடியும் மானேஜரிடம் திரும்பினார்.

"ரைடுல ஏதோ கோளாறு. அவர் எழுதினார். நீங்க பேப்பரைக் கிழிச்சீங்க. சரியா?"

"ஐயோ! முதல் ட்ரிப்ல என் ரெண்டு பொண்ணுங்களும் உட்காரப் போறாங்க மேடம்! கோளாறுன்னு தெரிஞ்சா எந்த அப்பனாவது ஏத்துவானா?"

இன்ஸ்பெக்டர் மெக்கானிக் கையெழுத்துப் போட்ட ஷீட்டை வாங்கிப் பார்த்தார்.

ஒன்பது மணிக்கு உடல் போனது. தூணைச் சுற்றி மட்டும் கயிறு கட்டினார்கள். வேண்டா வெறுப்பாய் அனுமதி கொடுத்த இன்ஸ்பெக்டர், கிளம்பாமல் அங்கேயே நின்றார்.

பத்து மணி.

இருபத்து நாலு சீட். ஆபரேட்டர் அக்கா ஒவ்வொரு பிள்ளையின் மடியிலும் கம்பியை இறக்கி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். மானேஜரின் சின்னப் பெண் கெக்கெக்கென்று சிரித்தது.

இருபத்து ஒன்று... இருபத்து ரெண்டு... இருபத்து மூணு...

கடைசி சீட் காலி!

அது அவள் மகனின் சீட். ஒன்பது வயசு. ஒரு மாசமாய் வீட்டில் இதே பேச்சு. எங்கே போனான்?

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். முகம் உப்பியிருந்தது. கையில் ஐஸ்க்ரீம்.

"ஏன்டா ஏறல?"

"மாமாதான் இறக்கி விட்டுட்டாரு..."

"ஏனாம்?"

"இன்னிக்கு வேணாம், இன்னொரு நாள் போலாம்னாரு. ஐஸ்க்ரீம் வாங்கிக் குடுத்தாரு. அம்மாகிட்ட சொல்லாதேன்னாரு."

அவள் தண்டவாளத்தை அண்ணாந்து பார்த்தாள்.

கேமராக்கள் தயார். மானேஜர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மேடைக்குத் திரும்பிய அவள் கை பச்சை பட்டன்மேல் போனது... நின்றது.

அவள் பயந்துபோனாள். தன் மனசில் ஓடிய நினைப்பைப் பார்த்துத்தான் பயந்தாள். 'சேச்சே... அண்ணனாவது...'

சாவியைத் திருகி வெளியே உருவினாள்.

"எல்லாரும் இறங்குங்க!"

"உனக்கென்ன பைத்தியமா?" என்று மானேஜர் கத்தினார்.

அண்ணன் ஓடி வந்தான். "ஏய், என்ன பண்றே? ஓட விடு!"

"ரைடு நல்லா இருக்காண்ணா?"

"அதான் பக்கான்னு சொன்னேன்ல!"

"அப்போ என் பையனை ஏன் இறக்கினே?"

"அவன்... வயிறு முட்ட சாப்பிட்டிருந்தான். வாந்தி வரும்னு..."

"அதுக்குத்தான் ஐஸ்க்ரீம் வாங்கிக் குடுத்தியா?"

அவன் பார்வை பையன் கையிலிருந்த ஐஸ்க்ரீமுக்குப் போனது.

"மத்த இருபத்து மூணு பிள்ளைங்களுக்கும் மாமா இல்லியாண்ணா?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பின்னாலிருந்து இன்ஸ்பெக்டரின் கை, காகித முனை எட்டிப் பார்த்த அவன் சட்டைப் பாக்கெட்டுக்குள் நுழைந்தது. நாலாய் மடித்த பேப்பர்! திருகாணியின் கையெழுத்து. 'உச்சி வளைவு. தண்டவாள இணைப்பில் விரிசல். ரைடை உடனே நிறுத்தவும்.'

"சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எட்டு மாசமா நான் மேல ஏறவே இல்ல மேடம்... முட்டி தேஞ்சு போச்சு. வெளிய சொன்னா வேலை போயிடும். கீழ நின்னே கையெழுத்து போட்டுட்டு இருந்தேன். இன்னிக்கு காலையில அவரு மேலேர்ந்து போன் பண்ணி வரச் சொன்னாரு. வலியோட ஏறினேன். விரிசலைக் காட்டினாரு. எல்லாத்தையும் மானேஜர்கிட்ட சொல்லப் போறேன்னாரு. கால்ல விழாத குறையா கெஞ்சினேன்..."

"அப்புறம்?"

"அவரு குனிஞ்சு போட்டோ எடுத்தப்போ... பின்னாலேர்ந்து கொக்கியைக் கழட்டி..."

மெக்கானிக் தள்ளுவதுபோல் கையை நீட்டிக் காட்டினான்.

"அப்பவாவது ரைடை நிறுத்தியிருக்கலாமே!"

"கோளாறுன்னு சொன்னா நான் மேல ஏறினதே இல்லைன்னு தெரிஞ்சிடுமே மேடம்... இன்னிக்கு ஒரு நாள் தாங்கும், நாளைக்கு வெல்டிங் பண்ணிடலாம்னு நெனச்சேன்..."

மானேஜர் ரெண்டு பெண்களையும் கட்டிக்கொண்டு குலுங்கினார். பிரஸ்காரர்கள் அவரை விட்டுவிட்டு இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள்.

ஆபரேட்டர் அக்கா அழுதாள். திருகாணிக்காகவா, அண்ணனுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. பையனை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஜீப் வந்தது. விலங்கு மாட்டிய கையோடு மெக்கானிக் படியருகில் தடுமாறி நின்றான்.

"மேடம்... முட்டி உயிர் போகுது. ஏற முடியல..."

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் கதவை அகலமாய்த் திறந்து பிடித்தார்.

"இந்த ஒரு தடவை பல்லைக் கடிச்சுட்டு ஏறிடுங்க. அப்புறம் நாங்க குடுக்கற ரூம்ல ஏறி இறங்கற வேலையே கிடையாது!"