சன்னாசி ஏன் திட்டவில்லை?

டுமீல்!

தொழிலாளர் லயத்துக் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன.

1956. மலாயாவில் லுக்குட் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட். மாலை ஏழு மணி. கம்யூனிஸ்ட் கலகத்துக்காகப் போட்ட ஊரடங்கு தொடங்கி ஒரு மணி நேரம்!

முள்வேலியோரம் குப்புறக் கிடந்தவன் சன்னாசி. ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிறவன். ஊரறிந்த முரடன்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அமிர்தலிங்கம் ஓடிவந்து நாடி பார்த்தார். அடங்கியிருந்தது.

சுட்ட காவல்காரன் தேம்பினான்.

"மூணு தடவ 'யாரு'ன்னு கத்துனேன் டிரஸ்ஸரய்யா! எப்பவும் என் ஆத்தாவ இழுத்துத் திட்டுவாரு... குரல வெச்சே விட்டுருவேன். இன்னிக்கு வாயே தொறக்கல!"

அமிர்தலிங்கம் பிடித்திருந்த கையை மெல்லக் கீழே வைத்தார். ஏன் திறக்கவில்லை என்று அவருக்குத் தெரியும்!

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் திருநாவுக்கரசு வந்து இறங்கினார். பக்கத்து வீட்டு ராக்கம்மா முந்திக்கொண்டாள்.

"பொண்டாட்டிகாரி மருந்து வெச்சுட்டா சார்! மூணு மாசமா அவன் ஒரு ஈய கூட அடிக்கல!"

சோதனை. சீனி டப்பாவுக்குள் மாத்திரைகள்!

சன்னாசி மனைவி பஞ்சாலை தலைகுனிந்தாள்.

"கோவம் போறதுக்கு சார்... டீயில கலந்து குடுத்தேன்..."

"யாரு குடுத்தா?"

பக்கத்தில் நின்ற அமிர்தலிங்கத்தை அவள் பார்க்கவே இல்லை.

"பாசார் கடையில வாங்கினேன்."

"மருந்துதான் அவன் வாயக் கட்டிருச்சுன்னா கொலை கேஸ்மா. தூக்குலா!"

"இருக்கட்டும் சார்."

அமிர்தலிங்கத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சன்னாசி உடைத்த பல்லோடு வந்து நின்றவள். அவள் மேல் இரக்கப்பட்டுத்தான் கொடுத்தார். இப்போது அவள் இவர் வேலையைக் காப்பாற்றத் தன் கழுத்தைக் கொடுக்கிறாள்!

"நான்தான் குடுத்தனான்!" கத்திவிட்டார். "இரத்தக் கொதிப்பு மாத்திரை. மூளையில செரட்டோனின் எண்டு ஒரு சரக்கு இருக்காம். இது அதை வடிச்சுப்போடுமாம். ஆள் அடங்குவான் எண்டு வாசிச்சன்..."

"அடங்கினானா?"

"அடங்கினான். பிறகு சிரிப்பும் போச்சு, பேச்சும் போச்சு. சுவரையே பாத்துக்கொண்டு இருந்தான். நாளுக்கு ஒண்டுதான்... ஒண்டு இவ்வளவு செய்யுமெண்டு நான் நினைக்கேல்ல!"

"ஒண்ணு இல்ல டிரஸ்ஸர். ரெண்டு!"

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதே மாத்திரைகள்!

"பொணத்தோட மடியில இருந்துச்சு. கூடவே டவுன்ல இருக்குற ராசா டாக்டர் சீட்டு. காலையில போன் பண்ணேன். 'பொண்டாட்டிய அடிக்கிற இந்தக் கைய அடக்குங்க டாக்டர்'னு போய் அழுதிருக்கான்லா. மூணு மாசமா இவளுக்குத் தெரியாம முழுங்கியிருக்கான்!"

பஞ்சாலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப... என்னை அடிச்சது... அவருக்கும் வலிச்சுச்சா சார்?"

அவள் போட்ட ஓலத்தில் ராக்கம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அமிர்தலிங்கம் அழுதார்.

கொண்டுவந்த கைவிலங்கை ஜீப்புக்குள் எறிந்தார் திருநாவுக்கரசு.

"ஒரு நாள் நல்லா சண்ட போட்டிருந்தா ரெண்டு பேரும் உண்மையக் கொட்டியிருப்பாங்க, டிரஸ்ஸர்... உங்க மாத்திரைதான் சண்டைக்கு லீவு குடுத்துருச்சே!"