ஒன்பது திருகாணிகள்

கிற்றாருக்குக் கீழே மறுபடியும் மணல் கிடந்தது.

அருள்நாயகம் பேஸ்மென்ட் படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று அதைப் பார்த்தார். பச்சைத் துணி விரித்த நீள மேசையில் பதினொரு கிற்றார்கள் மல்லாந்து கிடந்தன. பத்துக்குக் கீழே துணி சுத்தமாக இருந்தது. பதினோராவதின் விளிம்போரம் மட்டும், உள்ளேயிருந்து கசிந்ததைப் போல, வெள்ளை மணல் மெல்லிய கோடாக இறங்கியிருந்தது. இந்தக் கிழமையில் இது மூன்றாவது தடவை. அவருக்குக் கோபம் வந்தது. பயம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு எப்போதும் கோபம்தான் வரும்.

விரலால் தொட்டுப் பார்த்தார். மாவு மாதிரி நைசான மணல், கொஞ்சம் ஈரம், உப்பு மணம். வீட்டுக்குக் கிட்ட ரூஜ் ஆறு ஏரியில் விழும் இடத்தில் மணல் இருக்கிறதுதான், ஆனால் அது பழுப்பு நிறம், பருக்கைக் கல். இந்த வீட்டில் வெள்ளை மணலுக்கு வேலையே இல்லை. வக்கூமை இழுத்துவந்து கடைசித் துகள் வரை உறிஞ்சினார். வக்கூமின் சத்தம் அடங்கிய பிறகும் மேசையில் ஏதோ உரசும் சத்தம் ஒரு நொடி கூடுதலாகக் கேட்டது. வக்கூமின் குழாய்தான் என்று முடிவு செய்துகொண்டார்.

அந்தக் கிற்றார்களின் உடல் முழுக்க உலோகத் தகடு. வயிற்றுக்குள் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு மெல்லிய அலுமினியக் கூம்பு இருக்கும். தந்தி அதிர்ந்தால் கூம்பு அதிரும், தகரத்தில் அடித்ததுபோல் சத்தம் எகிறிப் பாயும். ஒலிபெருக்கி எல்லோர் கைக்கும் வராத காலத்தில், அமெரிக்காவின் தெற்கே கறுப்பினப் பாட்டுக்காரர்கள் சந்தடி நிறைந்த மதுக்கடைகளில் ப்ளூஸ் இசை வாசிக்க எடுத்த கருவி. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டடத்தில் ஒரு அறையில் ஏழு பேராகக் கிடந்த நாட்களில், மாடியின் குப்பை அறையில் யாரோ எறிந்துவிட்டுப்போன கசெற் ஒன்றில் அவர் அதை முதலில் கேட்டார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இருபத்திரண்டு வருடமாக விடவில்லை. தொழிற்சாலையில் கூடுதல் நேரம் வேலை செய்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார். மாதா கோவில் கொயர் பாட்டுக்குக் கிற்றார் அடித்த மனிசன் இப்படிப் பழைய தகரம் பொறுக்குகிறானே என்று சொந்தக்காரர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒருவரையும் அவர் பேஸ்மென்டுக்குள் விட்டதில்லை.

பதினோராவது வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பீற்றர்பறோ ஊரில் செத்துப்போன ஒரு கிழவனின் அலுமாரிக்குள் எண்பது வருடமாகப் படுத்திருந்தது. அதன் கூம்பை மூடியிருக்கும் துளைத்தகட்டை ஒன்பது திருகாணிகள் பிடித்திருந்தன. அந்த ஒன்பதிலும் திருப்புளி பட்ட அடையாளமே இல்லை. பழைய கிற்றார் சேர்ப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விசயம் கிடையாது. தொழிற்சாலையில் முடுக்கிய திருகாணி அப்படியே இருந்தால் உள்ளே எல்லாம் அசல் என்று அர்த்தம். ஒருதரம் திருப்பினாலும் போயிற்று, கற்புப் போனமாதிரிப் பேசுவார்கள். அவர் படம் எடுத்து இணையத்தில் போட்டபோது சிக்காகோக்காரன் ஒருவன், தயவுசெய்து ஒருநாளும் திறக்காதே என்று எழுதியிருந்தான். அந்த வரியை அவர் பலமுறை வாசித்தார்.

"இஞ்சேருங்கோ."

மேலே, கதவடியில், மனைவி பேர்ணடெற் நின்றாள். கறுப்புச் சட்டை போட்டிருந்தாள். கீழே இறங்கவில்லை.

"சண்டை முடிஞ்சுதாம். ரேடியோவில சொல்லுறாங்கள்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான்."

"அப்ப எல்லாரும் பொய் சொல்லுறாங்கள்."

"காம்புக்கு வந்த ஆக்களின்ரை லிஸ்ட் ஒண்டிலையும் யூஜினியின்ரை பேர் இல்லை. புருசன்ரை பேரும் இல்லை. பிள்ளையள் ரெண்டின்ரையும் இல்லை."

அவர் துணியால் கிற்றாரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். யூஜினி அவருடைய ஒரே தங்கை. ஊரில், சண்டைக்கு நடுவே கடற்கரையோரம் ஒடுங்கிக்கொண்டே போன அந்தத் துண்டு நிலத்தில், மணலில் பங்கர் கிடங்கு வெட்டி, சேலைகளைத் தைத்து மண்மூட்டை அடுக்கி, நாலு பேருமாக அதற்குள் இருந்தார்கள். இருக்கிறார்கள், என்று திருத்திக்கொண்டார்.

"இண்டைக்கெண்டாலும் உந்தக் கிற்றாரைத் தொடாதேங்கோ. ஊரே அழுகுது. வாங்கோ, பிள்ளை அனோஜா காரோட நிக்கிறாள், ரவுணுக்கு ஊர்வலத்துக்குப் போவம்."

"செத்தவீட்டிலதான் பாட்டை நிப்பாட்டுறது. நான் நிப்பாட்டினா அவள் செத்துப்போனாள் எண்டு நானே சொன்ன மாதிரி. நீர் போம்."

பேர்ணடெற் கதவுப்பிடியில் கை வைத்தாள். பிறகு, ஒரு மாதமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அவள் கடைசியா போன் எடுக்கேக்க உங்களைத்தான் கேட்டவள். மச்சாள், பங்கருக்கை மண் சரியுது, பிள்ளையள் மூச்சு விடக் கஷ்டப்படுதுகள், அண்ணாவோட ஒருக்காக் கதைக்கவேணும் எண்டு அழுதவள். நீங்கள் பீற்றர்பறோவில நிண்டனீங்கள். உந்தத் தகரத்துக்காக. செல்போனையும் நிப்பாட்டிப்போட்டு."

கதவு அடித்துச் சாத்தப்பட்டது. மேசையில் பதினொரு கூம்புகளும் அந்த அதிர்வுக்கு முனகின. பத்து முனகல்கள் உடனே அடங்கின.

பின்னேரம் முழுக்க அவர் வாசித்தார். வீம்புக்குத்தான் வாசித்தார். சுண்டுவிரலில் கண்ணாடிக் குழாயை மாட்டி, தந்தியை அழுத்தாமல் மேலால் வழுக்கிக்கொண்டு போனால் கிற்றார் மனிதத் தொண்டையில் அழும், அதுதான் இந்த வாசிப்பின் சங்கதி. ஆனால் பதினோராவது இன்று அழவில்லை. சாக்கால் போர்த்த பறையைப் போல் சத்தம் மொத்தையாக வந்தது. தொடையில் பாரம் அழுத்தியது. குளியலறைத் தராசைக் கொண்டுவந்து, முதலில் தனியாகவும் பிறகு கிற்றாரோடும் ஏறி நின்றார். வாங்கிய அன்று நாலு கிலோவும் இல்லாத பொருள், ஒன்பதரைக் கிலோ காட்டியது. இறங்கி, மறுபடி ஏறினார். பத்து.

தராசு பழுது என்று அதை ஒரு மூலைக்குக் காலால் தள்ளினார். மறுபடி உட்கார்ந்து, ஒரு நீண்ட சுரத்தை இழுத்து, உள்ளங்கையால் தந்திகளைப் பொத்தினார். தந்தி நின்றது. சத்தம் நிற்கவில்லை. தகட்டுக்கு அடியில் அது மெதுவாக மேலேறி, இறங்கி, ஓய்ந்து, மறுபடி ஏறியது. மூச்சு வாங்குகிறவர்களின் நெஞ்சில் வரும் இழுப்பு. மடியில் இருந்த உலோகம் சூடாக இருப்பதை அப்போதுதான் உணர்ந்தார்.

டொக்.

அவர் அசையவில்லை.

டொக். டொக்.

தண்ணீர்க் குழாய். சுடுநீர்த் தாங்கி. பக்கத்து வீட்டுக்காரன் வேலியில் ஏதோ அடிக்கிறான். காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை, ஏனென்றால் தட்டல் அவருடைய தொடை எலும்பில் விழுந்தது. கிற்றாரை மேசையில் வைத்தார். துளைத்தகட்டின் ஓட்டைகளால் மணல் சிறு சிறு புள்ளியாக மேலே வந்து நின்றது.

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வாணம் விடும் விக்ரோறியா நாள் விடுமுறை என்பதை அவர் மறந்தே போயிருந்தார். தெருமுனைப் பூங்காவில் முதல் வாணம் வெடித்தது. சின்ன யன்னல் ஒருதரம் சிவந்து அணைந்தது. பிள்ளைகள் கூவினார்கள். அந்த வெடி ஓய்ந்த கையோடு கிற்றாருக்குள் யாரோ வீறிட்டார்கள்.

மிகச் சிறிய சத்தம். போர்வைக்குள் முகம் புதைத்துக் கத்தும் குழந்தையின் சத்தம். அடுத்த வெடி. மறுபடி அதே வீறல், கூடவே இருமல், இருமலுக்கு மேலாக ஒரு பெண் 'உஸ், உஸ்' என்று அமர்த்தும் குரல். தகட்டின் ஓட்டைகளில் மணல் துள்ளியது.

அருள்நாயகம் குனிந்து காதை உலோகத்தில் வைத்தார்.

"அண்ணா," என்றது. "திறவுங்கோ."

 மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது யூஜினியின் குரல். சந்தேகமேயில்லை. அழுது கரகரத்த, இருபது வருடத்துக்கு மேலாகத் தொலைபேசியில் மட்டும் கேட்ட குரல். திருப்புளிப் பெட்டியை இழுத்தார். பொருத்தமான முனையைத் தேடி எடுத்தார். முதல் திருகாணியின் பிளவில் வைத்தார்.

வைத்துவிட்டு நின்றார்.

பிளவு பளபளவென்றிருந்தது. எண்பது வருடமாக ஒரு கீறல் இல்லை. ஒருதரம் திருப்பினால் அது போய்விடும், பிறகு எந்தக் காலத்திலும் திரும்பாது. தன் கை ஏன் நிற்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கமும் கையைத் திருப்பவில்லை. திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், நித்திரை இல்லாத மூளை செய்யும் கூத்தாக இருக்கலாம், அப்போது எல்லாம் நாசம்.

"பொறு," என்றார். "பொறு பிள்ளை, வாறன்."

டேப் எடுத்தார். தகட்டில் கீறல் விழாமலிருக்க ஒவ்வொரு திருகாணியையும் சுற்றித் துண்டு துண்டாக ஒட்டினார். ஒன்பதுக்கும் ஒட்டினார். கமெராவை எடுத்து, திறப்பதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியாக, ஒவ்வொன்றையும் படம் பிடித்தார். மூன்றாவது மங்கலாக விழுந்ததால் திரும்பவும் எடுத்தார். வெளியே வெடிகள் நெருங்கி நெருங்கி விழுந்தன. உள்ளே தட்டல் வேகமாக இருந்தது. பிறகு வேகமாக இல்லை. ஏழாவது படத்தின்போது குழந்தையின் இருமல் நின்றது.

டொக்.

வெகுநேரம் கழித்து,

டொக்.

அதற்குப் பிறகு இல்லை.

அவருடைய கைகள் அப்போதுதான் ஓடின. தந்திகளைத் தளர்த்தவேண்டும் என்பதே மறந்து வெட்டுக்குறட்டால் நறுக்கினார். ஆறும் சீறிக்கொண்டு அறுந்தன, ஒன்று கன்னத்தைக் கிழித்தது. திருப்புளி வழுக்கி வழுக்கித் தகட்டைக் கோடு கோடாகக் கிழித்தது. ஒன்று. இரண்டு. ஐந்து. ஒன்பது. தகட்டைப் பிடுங்கி எறிந்தார்.

கூம்பு இருந்தது. வழுவழுப்பாக இருக்கவேண்டிய இடங்களெல்லாம் மேல்நோக்கிப் புடைத்திருந்தன. கீழேயிருந்து குத்திய புடைப்புகள். பெரிய முட்டிகள். அவற்றுக்கு இடையே, ஓரமாக, குன்றிமணி அளவில் நாலு புடைப்பு வரிசையாக. சின்னக் கை.

கூம்பைத் தூக்கினார். அடியில் விளிம்பு வரை ஈரமணல். இறுக அமத்தியதைப் போல் மட்டமாக இருந்தது. உப்பும் வெடிமருந்தும் மணத்தது.

"யூஜினி!"

இரண்டு கையாலும் அள்ளினார். பச்சைத் துணியில், தரையில், மற்றக் கிற்றார்களின் மேல் மணல் விழுந்தது. அள்ள அள்ளச் சரிந்து நிரம்பியது. வலது கையை உள்ளே குத்தினார். மணிக்கட்டு வரை போனது. அந்தக் கிற்றாரின் ஆழம் நாலு விரற்கடைதான். முழங்கை வரை போனது. விரல்நுனியில் அடித்தகடு தட்டவில்லை. மண். இன்னும் மண். கீழே போகப் போகக் குளிர்ந்தது.

தோள் வரை போனது.

அங்கே ஒரு கை இருந்தது.

பிடித்தார். நகங்கள் உடைந்த, மெலிந்த, பெண்ணின் கை. மோதிர விரலில் மோதிரம். "பிடி, பிடி, விடாதை," என்று கத்தி, காலை மேசையில் உதைத்து இழுத்தார். வரவில்லை. அந்தக் கை அவருடைய கையைப் பற்றியது. பலமாகப் பற்றியது. மேலே வருவதற்கான பிடியாக அது இல்லை.

"யூஜினி, நான் அண்ணா. திறந்துட்டன். பார், திறந்துட்டன்."

 இரண்டாவது கை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது. ஒரு ஆணின் கரடுமுரடான கை அதற்கு மேலே. ஒரு சின்னக் கை, எட்டாமல் தடவி, கடைசியில் அவருடைய ஒரு விரலை மட்டும் பிடித்தது. எல்லாம் குளிர். ஒன்றிலும் நாடி இல்லை.

அவர் இழுத்தார். கைகள் இழுத்தன. மேசை விளிம்பு விலாவில் குத்தியது. கன்னத்துக் காயம் திறந்த கிற்றாரின் உலோக விளிம்பில் அழுந்தியது. மணல் மெல்லச் சரிந்து அவருடைய தோளைச் சுற்றி இறுகியது.

எண்ணத் தொடங்கினார். ஏன் எண்ணினார் என்று தெரியாது. அந்தக் குடும்பத்தில் நாலு பேர். எட்டுக் கை.

ஐந்து. ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பதாவது கை முழங்கையைப் பிடித்தது.

பத்தாவது, கிழவி ஒருத்தியின் தோல் சுருங்கிய கை.

வெளியே வாண வேடிக்கை முடிந்துவிட்டது. பூங்காவில் பிள்ளைகள் கைதட்டினார்கள். கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

பதினைந்து. பதினாறு.

மணலைக் கிழித்துக்கொண்டு ஒரு கை மேலே வந்தது. அவருடைய கழுத்தைத் தடவி, காதைத் தடவி, தலைமயிரில் விரல்களைக் கோர்த்துக்கொண்டது. அதன் பின்னால் இன்னொன்று. கீழே, தோளிலிருந்து விரல்நுனி வரை பிடிக்க இடமில்லாமல், கைகள் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. இன்னும் வந்துகொண்டிருந்தன.