கடைவாயில் மூன்றாவது வெள்ளி

பிறிஜெற் டீச்சரின் வாயில் வெள்ளி அடைத்த பற்கள் இரண்டுதான். பன்னிரண்டு வயதில் ஒன்று, கல்யாணத்துக்கு முந்திய வருடம் ஒன்று. ஆனால் வெள்ளவத்தை மாடிக் கிளினிக்கில் டொக்டர் பர்ஹா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, மூன்று என்றார்.

“மூணும் நல்லா இருக்கு டீச்சர். வெடிப்பில்ல. கழட்டினா நல்ல பல்லும் கொஞ்சம் சேந்து போகும். வெள்ளை ரெசினால அடைச்சா வடிவுதான், ஆனா இவ்வளவு காலம் நிக்காது. யோசிச்சுச் சொல்லுங்க.”

மகளின் கல்யாணப் படங்களில் வாய் கறுப்பாகத் தெரியக்கூடாது என்றுதான் போயிருந்தாள். கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தக் காரணம் மறந்தே போயிற்று.

“எனக்கு ரெண்டுதானே?” என்று கணவரிடம் கேட்டாள்.

“உமக்கு மறந்திருக்கும்.” ஹெக்டர் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. “நல்லா இருக்கிறதை ஏன் தோண்டுறீர்? விடும்.”

விட முடியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும், பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கும் மணமும் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் முனகலும் குளியலறையின் ஈரச் சுவர்களுக்குள் வந்து தேங்கியிருக்க, போன் வெளிச்சத்தை வாய்க்குள் பிடித்தபடி, தாடை வலிக்கும்வரை கண்ணாடி முன் நின்றாள். மூன்று. கழற்றுவதா, விடுவதா? வெள்ளிக்கிழமை எண்ணியபோது நான்கு. விரலால் தேய்த்தாள். போகவில்லை. ஞாயிறு பூசையில் வாங்கிய நற்கருணை கரையுமுன்பே இரும்பாய்க் கசந்தது. வீட்டுக்கு ஓடிவந்து ஹெக்டரின் கையில் டோர்ச்சைத் திணித்தாள்.

“எண்ணுங்கோ.”

அவர் குனிந்தார். உதடுகள் அசைந்தன. ஆறு வரை வந்து நின்றன. டோர்ச்சை அணைத்தார்.

“நாளைக்கே போய்க் கழட்டுவம்” என்றார் மெதுவாக.

திங்கள் பின்னேரம் கிளினிக்கில் கதிரை சாய்ந்தது. ஊசி ஏறிக் கன்னம் விறைத்தது. வாய் மூடாதபடி பற்களுக்கிடையில் ரப்பர்க் கட்டையொன்று. கீழே காலி வீதி என்னும் பெருந்தெருவின் ஹோர்ன்கள், அவற்றுக்கும் அப்பால் கடலோரமாகப் போகும் ரயில், எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு துளைக்கும் மெஷினின் கிறீச்சொலி. எரிந்த நாற்றம் மூக்கில் ஏறியது. வெள்ளித் துண்டொன்று கிண்ணத்தில் விழுந்தது.

மெஷின் நின்றது. டொக்டர் குழியைப் பார்த்தார். மறுபடி துளைத்தார். மறுபடி நிறுத்தினார்.

“டீச்சர், அசையாதீங்க.”

குரல் மாறியிருந்தது. கையுறையோடு கதவுவரை பின்னோக்கியே நடந்தார்.

“சேர், கொஞ்சம் உள்ளுக்கு வாங்க.”

ஹெக்டர் வந்தார். பார்த்தார். வாசலைத் தாண்டவில்லை.

அவள் கண்களை மேலே உயர்த்தினாள். தலைக்கு மேலிருந்த விளக்கின் கண்ணாடியில் அவளுடைய வாய். திறந்தபடி.

குழி வெள்ளியால் நிரம்பிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து. மெல்ல. விளிம்பு வழிந்து பக்கத்துப் பல். அதற்கடுத்தது. முன்பற்கள்.

வலி இல்லை. கொஞ்சமும் இல்லை.

கத்துவதற்காக நாக்கை உயர்த்தினாள்.

பல்லில் பட்டது. நாக்கும் கிண்ணென்று ஒலித்தது.